எடுக்காமல் விட்ட சிரிப்பு

ஃபெர்கஸ் துரை அறுபத்து நான்காவது தடவையாகச் செத்த அன்று கோடம்பாக்கத்தில் நல்ல மழை. அதற்கு முன்னால் அறுபத்து மூன்று தடவை செத்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும் சாயங்காலம் பஸ் பிடித்து வடபழனியில் மேக்கப்காரர் தெருவில் இருந்த தன் வீட்டுக்கு வந்து, குண்டு துளைத்த சிவப்புக் கோட்டைக் கழற்றி மனைவி தனக்கோடியிடம் கொடுத்துவிட்டு, எட்டு இட்லி தின்று ஏப்பம் விட்டிருக்கிறார். தனக்கோடி அந்த ஓட்டையைத் தைத்து வைப்பாள், அடுத்த படத்தில் வேறொரு வீரன் அதே கோட்டில் வேறொரு ஓட்டை போடுவான், அவள் அதையும் தைப்பாள், அப்படியே பதினாறு வருஷம் ஓடியிருந்தது. அன்றைக்கும் அவர் பஸ்ஸில்தான் வந்தார். இட்லி மட்டும் இறங்கவில்லை.

துரை பிறந்தது ஸ்காட்லாந்தில், வடக்குக் கடலோரம், மீனை உப்புப் போட்டுப் பீப்பாயில் அடைப்பதைத் தவிர வேறு தொழில் அறியாத ஒரு சின்ன ஊரில். அவருக்கு ஒன்பது வயதிருக்கும்போது கடல் அவருடைய அப்பாவை வைத்துக்கொண்டு தொப்பியை மட்டும் கரையில் போட்டது. யாரும் அதைக் கொண்டுவந்து கொடுக்கவில்லை, அம்மாவே போய் மணலிலிருந்து எடுத்துவந்து கதவுக்குப் பின்னால் மாட்டினாள். பதினாறு வயதில் அவர் ஊர் ஊராகச் சுற்றும் ஒரு நாடகக் குழுவோடு ஓடிப்போய், ராஜாக்கள் பேசும்போது பின்னால் ஈட்டி பிடித்து நின்று, கிளாஸ்கோவில் ஒரு குளிர்காலம் முழுக்கத் இரண்டு ஆள் உள்ளே புகுந்த துணிக்குதிரையின் பின்னங்கால்களாக ஆடி, லண்டனில் ஒரு படத்தில் முதுகு மட்டும் தெரியும் போலீஸ்காரராக நின்று, கடைசியில் பள்ளிக்கூடங்களுக்கு நாடகம் போடக் கப்பலேறிய ஒரு கோஷ்டியோடு இந்தியாவுக்கு வந்து, மதுரையில் டைபாய்டு கண்டு ஆஸ்பத்திரியில் படுத்தார். கோஷ்டி மூன்று வாரம் பார்த்தது. பிறகு தலைமாட்டில் ஒரு கடிதத்தை வைத்துவிட்டுக் கிளம்பிப் போய்விட்டது.

ஆஸ்பத்திரிக்கு எதிரே கொட்டகை போட்டிருந்த நாடகக் கம்பெனி முதலாளி, வெள்ளைக்காரர் ஒருத்தர் நாதியில்லாமல் கிடக்கிறார் என்று கேள்விப்பட்டு ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். "கலெக்டர் வேஷத்துக்கு நம்ம பயலுகளுக்கு மாவு பூசிப் பூசிச் சலிச்சுப்போச்சு துரை. வேர்த்தா வழிஞ்சு போகுது. நீங்க சும்மா எந்திரிச்சு நின்னாப் போதும்" என்றார். நர்ஸ் அதை இங்கிலீஷில் சொன்னாள். துரை எழுந்து நின்றார்.

கம்பெனியின் தையல்காரி தனக்கோடிதான் சிவப்புக் கோட்டுக்கு அளவெடுக்க வந்தாள். காய்ச்சலில் இளைத்திருந்த உடம்புக்குத் தைத்த கோட்டு, மதுரைச் சாப்பாட்டில் மாதத்துக்கு மாதம் பிடிக்க ஆரம்பித்தது. அவள் மாதத்துக்கு மாதம் பிரித்துப் பெரிதாக்கினாள், அளவெடுக்கும்போதெல்லாம் அவருக்கு நாலு வார்த்தை தமிழ் சொல்லிக் கொடுத்தாள், கோட்டு வளர்ந்து நிற்பதற்குள் இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகிவிட்டது. அதனால் துரையின் தமிழ் அச்சு அசலான மதுரைத் தமிழ். பின்னால் கம்பெனி கலைந்து எல்லோரும் சினிமாவுக்கு என்று மெட்ராஸ் வந்தபோது, டைரக்டர்களுக்கு அதுதான் பெரிய தலைவலியாக இருந்தது. "துரை, ரொம்ப நல்லாப் பேசுறீங்க. கொஞ்சம் கெடுத்துப் பேசுங்க" என்று கெஞ்சுவார்கள். அவரும் பாவம், வீட்டில் உட்கார்ந்து தப்பாகப் பேசிப் பழகுவார்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் எந்த டைரக்டர் பேச்சையும் கேட்டதில்லை. குண்டு பட்டதும் உடனே விழ மாட்டார். மூன்று அடி நடப்பார், தலையில் இருக்கும் தொப்பியைக் கழற்றுவார், பக்கத்தில் யார் நிற்கிறார்களோ அவர் கையில் அதைக் கொடுத்துவிட்டு அப்புறம்தான் விழுவார். சுட்ட வீரன் கையிலேயே கொடுத்திருக்கிறார், ஒரு தடவை குதிரைக்காரனிடம் கொடுத்திருக்கிறார், யாருமே இல்லாத ஒரு காட்சியில் தூக்குமரத்தில் மாட்டியிருக்கிறார். தியேட்டரில் ஜனங்கள் கைதட்டிச் சிரிப்பார்கள். ஏன் என்று, கடற்கரைத் தொப்பியின் கதையைக் கேட்டிருந்த தனக்கோடிக்கு மட்டும் தெரியும், தெரிந்தும் அவள் அதை வைத்து அவரைக் கிண்டல் செய்வாள். கல்யாணமான புதிதில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் கதவைச் சாத்திக்கொண்டு, சேலைக்கு மேலே அந்தச் சிவப்புக் கோட்டைப் போட்டு, தொப்பியை மாட்டி, நெஞ்சைப் பிடித்து, மூன்று அடி நடந்து, மரியாதையாகத் தொப்பியை அவர் கையில் கொடுத்துவிட்டுத் தொப்பென்று விழுவாள். துரை பாயில் புரண்டு புரண்டு சிரிப்பார், கண்ணில் தண்ணீர் வந்துவிடும், பக்கத்து வீட்டுக்காரர்கள் சுவரைத் தட்டுவார்கள்.

இனி, அறுபத்து நான்காவது சாவு. சினிமாவில் ஒரு வழக்கம் உண்டு. பிணமாக நடித்தவரை அப்படியே எழுப்பி வீட்டுக்கு அனுப்பிவிட மாட்டார்கள். கேமராவைத் திரும்ப ஓடவிட்டு, "சார், லென்ஸைப் பார்த்துக் கொஞ்சம் சிரிங்க" என்பார்கள். சிரித்த பிறகுதான் சாவு வேஷம் கலைந்தது என்று அர்த்தம். அன்றைக்குத் துரை விழுந்ததும் கேமராமேன் தேவசகாயத்தின் கேமராவில் பிலிம் தீர்ந்துபோனது. "சாப்பிட்டுட்டு எடுத்துக்கலாம் துரை" என்றார் தேவசகாயம். சாப்பாட்டு நேரத்தில் பிடித்த மழையில் செட்டின் கூரை சரிந்து, விளக்குகளைக் காப்பாற்ற ஆளாளுக்கு ஓடி, அந்த அமளியில் துரையை யாரும் சிரிக்கச் சொல்லவில்லை. அவருக்கும் மறந்துபோய்விட்டது.

ராத்திரிச் சாப்பாடு வேண்டாம் என்றவரின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள் தனக்கோடி. மண்பானை மாதிரி சில்லென்று இருந்தது. கையைப் பிடித்தாள், நாடி இல்லை. நெஞ்சில் காதை வைத்தாள், அங்கேயும் ஒன்றும் இல்லை.

"என்னங்க இது?"

"தெரியல புள்ள. பஸ்ல வரும்போதே அப்படித்தான் இருந்துச்சு" என்றார் துரை.

மறுநாள் டாக்டர் வந்து ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்த்தார், அதைத் தட்டிப் பார்த்தார், தன் நெஞ்சில் வைத்துப் பார்த்தார், திரும்பவும் அவர் நெஞ்சில் வைத்தார். "சத்துக் குறைச்சல்" என்று சொல்லி வைட்டமின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். எதிர்வீட்டு மேக்கப் ஏகாம்பரம்தான் கேட்க வேண்டியதைக் கேட்டார். "துரை, நேத்து சிரிச்சியா?" துரை யோசித்தார். இல்லை என்று தலையாட்டினார். ஏகாம்பரம் வெளியே போய்த் தெருவுக்குச் சொன்னார், தெருவுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

பிரச்சினை சாவு இல்லை, சாவை எந்தக் கணக்கில் வைப்பது என்பதுதான். சர்ச்சில் பாதிரியார், தானே நடந்து வருகிறவரை அடக்கம் செய்ய முடியாது, ஆனால் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தால் நல்லது என்றார். கார்ப்பரேஷனில் இறப்புச் சான்றிதழை விண்ணப்பதாரரே நேரில் வந்து கேட்டால் கொடுக்க விதி இல்லை என்றார்கள். படக் கம்பெனிகள்தான் முதலில் சுதாரித்துக்கொண்டன. கண் சிமிட்டாத, நெஞ்சு ஏறி இறங்காத, ஈ மொய்த்தாலும் அசையாத பிணம் லேசில் கிடைக்குமா? வெள்ளைக்காரப் பிணமோ, மாவு பூசினால் உள்ளூர்ப் பிணமோ, ராஜாப் பிணமோ, போர்க்களத்தில் குவிந்த நூறு பிணங்களில் ஒரு பிணமோ, எல்லாவற்றுக்கும் துரைக்கு ஆள் அனுப்பினார்கள். நாயகிகள் அவர்மேல் விழுந்து அழுதார்கள். அவர் பொறுமையாகக் கிடந்துவிட்டு வீட்டுக்கு வந்து, பசிக்காத வயிற்றோடு தனக்கோடி சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

பெண்கள் பாடுதான் சங்கடம். வெள்ளிக்கிழமை பூஜை முடிந்து குங்குமத் தட்டு சுற்றி வரும்போது தனக்கோடியை என்ன செய்வது? "புருஷன் எதுர்க்க உக்காந்து பேப்பர் படிக்கிறாரு, குடுக்காம எப்டிக்கா போறது? அவுரு நாடியில்லாம இருக்காரு, எப்டிக்கா குடுக்கறது?" என்று ஏகாம்பரத்தின் மனைவி அம்சவேணி தெருப் பெண்களைக் கூட்டிவைத்துக் கேட்டாள். ஒரு வழி கண்டுபிடித்தார்கள். தட்டைத் தனக்கோடிக்கு முன்னால் வைத்துவிட்டு எல்லோரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வது. எடுப்பதோ விடுவதோ அவள் பாடு. தனக்கோடி எடுத்து வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தன் கையால் தானே எடுத்து வைத்துக்கொண்டாள்.

சிரிக்க வைக்க முயற்சி செய்யாமலும் இல்லை. தேவசகாயம், தன்னால் வந்த வினை என்று மனம் நொந்து, மறு வாரமே கேமராவோடு வந்து நின்றார். துரை உதட்டை விரித்தார், பல் தெரிந்தது, சிரிப்பு வரவில்லை. கோடம்பாக்கத்தின் காமெடியன்கள் ஒருவர் விடாமல் வந்து அவர் முன்னால் வழுக்கி விழுந்தார்கள், வாழைப்பழம் தின்றார்கள், மாமியார் மாதிரிப் பேசினார்கள். வாசலில் நின்ற கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. துரை ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்லி, வழியனுப்பி வைத்தார்.

சிரித்தால் என்ன ஆகும் என்பதில் தெரு இரண்டாகப் பிரிந்திருந்தது. லைட்மேன்கள், சாவு வேஷம் கலைந்து உயிர் திரும்பிவிடும் என்றார்கள். மேக்கப்காரர்கள், நின்றுபோன சாவு நடந்து முடிந்துவிடும் என்றார்கள். டீக்கடையில் இதைப் பேசிப் பேசிச் சண்டை வந்து ஒருத்தருக்கு மண்டை உடைந்தது. தனக்கோடி இரண்டு பக்கமும் கேட்டுக்கொண்டாள். அவரைச் சிரிக்க வைக்க என்ன வேண்டும் என்று உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அந்தச் சிவப்புக் கோட்டை, அறுபத்து நான்காவது ஓட்டையைத் தைக்காமல், தொப்பியோடு சேர்த்து டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றார்கள். புருஷனை வைத்து அவள் பூவா தலையா போடத் தயாராக இல்லை. துரைக்கும் அது தெரியும். அவர் ஒரு நாளும் கேட்கவில்லை.

பத்தொன்பது வருஷம் அப்படிப் போனது. துரையின் தலையில் ஒரு முடி நரைக்கவில்லை. தனக்கோடிக்கு முழுக்க நரைத்து, முதுகு வளைந்து, ஊசியில் நூல் கோர்க்க அம்சவேணியைக் கூப்பிட வேண்டியதாயிற்று. புதிதாக வந்தவர்கள் அம்மாவும் பிள்ளையும் என்று நினைத்தார்கள். ராத்திரி அவருக்குத் தூக்கம் கிடையாது என்பதால் அவள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவர் கை சில்லென்று இருக்கும், வெயில் காலத்தில் அது சுகம், மார்கழியில் அவள் பல்லைக் கடித்துக்கொள்வாள், கையை எடுங்க என்று சொல்லமாட்டாள். அவளுக்கு இதில் குறை ஒன்றும் தெரியவில்லை. அவருக்கு எப்படி இருக்கிறது என்று அவள் கேட்டதே இல்லை, கேட்டால் சொல்லிவிடுவாரோ என்று பயம்.

ஐப்பசியில் ஒரு நாள் மாவு ஆட்டிக்கொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாள். ஆஸ்பத்திரியில் நாலு நாள் வைத்திருந்து, இதயம் பலவீனமாகிவிட்டது, இன்னொரு தடவை வந்தால் தாங்காது என்று சொல்லி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்த அன்று காலையில் துரை கஞ்சி காய்ச்சிக்கொண்டுவந்து கொடுத்துவிட்டு அவள் எதிரே உட்கார்ந்தார்.

"புள்ள, ஒண்ணு கேக்கவா?"

"கேக்காதீங்க."

"கேக்கணும். நீ முன்னாடி போயிட்டேன்னா அப்புறம் என்னையச் சிரிக்கவைக்க இந்த உலகத்துல ஆள் கிடையாது. நான் இப்பிடியே இருப்பேன். இந்த வீடு இடிஞ்சப்புறமும் இருப்பேன்."

தனக்கோடி கஞ்சியைக் கீழே வைத்தாள்.

"பத்தொன்பது வருஷமா சோத்துல ருசி தெரியல. நீ தலையில வைக்கிற மல்லிகை வாசனை தெரியல. உன் கைச்சூடு தெரியல. பாக்கத்தான் முடியுது. அது போதும்னுதான் இருந்தேன், பொய்யில்ல. நீ இல்லாம எதைப் பாக்குறது?"

அவள் அழுதாள். பிறகு கோபம் வந்தது. "அப்பவே கேட்டிருக்கலாம்ல? இளமையா இருந்தேன், விழுந்தா எந்திரிச்சிருப்பேன். இப்ப விழச் சொல்றீங்க" என்றாள். அன்று சாயங்காலம் அவள் அம்சவேணியிடம் தேவசகாயத்தை வரச் சொல்லி அனுப்பினாள்.

தேவசகாயம் வேலையை விட்டு ஆறு வருஷமாகியிருந்தது. கை நடுக்கம். ஆனாலும் ஒரு பழைய கேமராவையும், ஒரு தகர டப்பாவில் நாலு நிமிஷம் ஓடக்கூடிய பிலிமையும் அவர் இதற்கென்றே வைத்திருந்தார். பிலிம் பழசாகிவிடுமே என்று இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை புதிதாக மாற்றி வைப்பாராம். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து, மத்தியான வெயில் முற்றத்தில் நேராக இறங்கும் நேரத்தில் வந்து கேமராவை நிறுத்தினார். தெருவே வாசலில் கூடிவிட்டது. மேக்கப்காரர்கள் சொன்னபடி நடந்தால் ஒப்பாரிக்கு ஆள் வேண்டுமே என்று அம்சவேணி பத்துப் பெண்களோடு வந்திருந்தாள். லைட்மேன்கள் சொன்னபடி நடந்தால் என்ன செய்வது என்று ஒரு தட்டில் கற்பூரமும் பூசணிக்காயும் கொண்டுவந்திருந்தாள். தனக்கோடி எல்லோரையும் வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தினாள்.

முற்றத்தில் நாற்காலி போட்டுத் துரையை உட்காரவைத்தாள். பெட்டியைத் திறந்து சிவப்புக் கோட்டை எடுத்து உதறிச் சேலைமேல் போட்டுக்கொண்டாள். ஒரு காலத்தில் தொளதொளவென்று இருந்தது இப்போது தரையைத் தொட்டது. நெஞ்சுப் பக்கத்து ஓட்டை வழியாகப் பச்சைச் சேலை தெரிந்தது. தொப்பியை வைத்தாள், காதுவரை இறங்கிவிட்டது. கேமரா ஓட ஆரம்பித்தது.

"தேவசகாயம் தம்பி, அவரையும் என்னையும் சேர்த்தே எடு" என்றாள்.

நெஞ்சைப் பிடித்தாள். அந்தப் பிடி நடிப்பா நிஜமா என்று தேவசகாயத்துக்கு ஒரு கணம் சந்தேகம் வந்தது. ஒரு அடி வைத்தாள், மூட்டு சத்தம் போட்டது. இரண்டாவது அடியில் கோட்டு தடுக்கியது. மூன்றாவது அடியில் அவர் நாற்காலிக்கு வந்து சேர்ந்து, தொப்பியைக் கழற்றி, குனிந்து வணங்கி, கலெக்டருக்குக் கலெக்டர் கொடுக்கிற மரியாதையோடு அவர் கையில் கொடுத்தாள். பிறகு விழ வேண்டும். தொப்பென்று விழ முடியாத வயது. "இருங்க, வர்றேன்" என்று சொல்லிவிட்டு, நாற்காலிக் காலைப் பிடித்து, ஒரு முட்டியை ஊன்றி, இன்னொரு முட்டியை ஊன்றி, கையை ஊன்றி, முந்தானையைச் சரிசெய்து, மெதுவாகப் பக்கவாட்டில் சாய்ந்து, "செத்துட்டேன்" என்று அறிவித்துவிட்டுக் கண்ணை மூடினாள்.

முதலில் ஒரு விக்கல் மாதிரிதான் வந்தது. பிறகு துருப்பிடித்த கதவு திறப்பது மாதிரி ஒன்று. பிறகு சிரிப்பு, பழைய சிரிப்பு, பாயில் புரண்ட சிரிப்பு, பத்தொன்பது வருஷம் உள்ளே கிடந்த அத்தனையும் வெளியே வந்தது. தெருக்கோடி வரைக்கும் கேட்டதாகச் சொல்கிறார்கள், பக்கத்து வீட்டுச் சுவரில் யாரோ தன்னையறியாமல் தட்டினார்கள். தனக்கோடி கண்ணைத் திறந்தாள். அவர் நெஞ்சு ஏறி இறங்கியது. கன்னம் சிவந்திருந்தது. நெற்றியில் வேர்வை.

"மூச்சு வருதுங்க! துரை, மூச்சு வருது!"

"வருது புள்ள" என்றார் துரை, கண்ணைத் துடைத்துக்கொண்டே. அவர் குனிந்து அவள் கன்னத்தைத் தொட்டார். கை சூடாக இருந்தது. "மல்லிகை வாசனை வருது" என்றார்.

லைட்மேன்கள்தான் சரி என்று அவள் நினைத்தாள். அவ்வளவு சந்தோஷம் அவள் வாழ்நாளில் பட்டதில்லை. அப்போதுதான் அவர் தன் நெஞ்சின்மேல் கையை வைத்து, வலிக்கிறவர் மாதிரி முகத்தைச் சுளித்தார். ஒரு கணத்தில் அவர் தலை நரைத்தது, முதுகு வளைந்தது, பத்தொன்பது வருஷமும் ஒன்றாக வந்து சேர்ந்தன. துரை நாற்காலியைப் பிடித்து எழுந்தார். எழுந்து, அவளைச் சுற்றிக்கொண்டு மூன்று அடி நடந்தார். கையில் இருந்த தொப்பியைப் பார்த்தார், யாரிடம் கொடுப்பது என்று தேடவில்லை, நேராக அவளிடம் குனிந்து நீட்டினார். அவள் படுத்தபடியே வாங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் விழுந்தார்.

மேக்கப்காரர்கள் சொன்னதுதான் நடந்தது. தனக்கோடிக்கு அடிவயிற்றிலிருந்து அலறல் கிளம்பியது. எழுந்து அவர்மேல் விழப் போனவளைத் தேவசகாயத்தின் குரல் தடுத்தது.

"அம்மா, எந்திரிக்காதீங்க! நீங்களும் செத்துக் கிடக்கிறீங்க, கேமரா ஓடிக்கிட்டிருக்கு. சிரிங்க. சிரிச்சிட்டு எந்திரிங்க."

"போடா பாவி! என்னைய இப்படியே விடு!"

"விட மாட்டேன். ஒரு தடவை விட்டேன், போதும். அரை நிமிஷம் பிலிம்தான் இருக்கு. துரை எப்படி இருந்தாருன்னு நீங்கதான பாத்தீங்க? சிரிங்கம்மா, கும்பிடுறேன்." அவர் கேமராவைப் பிடித்துக்கொண்டே அழுதார்.

அவள் பக்கத்தில் பார்த்தாள். துரை வெயிலில் கிடந்தார், பதினெட்டு அங்குலத் தூரத்தில், ருசியும் வாசனையும் சூடும் இல்லாமல் இத்தனை வருஷம் அவளைப் பார்த்துக்கொண்டு மட்டுமே உட்கார்ந்திருந்தவர். லென்ஸைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள், அழுகை வந்தது. உதட்டை விரித்தாள், அழுகைதான் வந்தது. அப்போது கையில் இருந்த தொப்பி கண்ணில் பட்டது. வீரனிடம் கொடுத்து, குதிரைக்காரனிடம் கொடுத்து, தூக்குமரத்தில் மாட்டி, கடைசியில் நிஜமாகவே சாகும்போதும், அவ்வளவு வலியிலும், மனுஷன் மறக்காமல் மூன்று அடி நடந்திருக்கிறார். சரியாக மூன்று அடி.

உள்ளேயிருந்து சத்தம் வந்ததும் அம்சவேணி கதவைத் தள்ளித் திறந்தாள். பெண்கள் கூந்தலை அவிழ்த்துவிட்டு, மாரில் அடித்துக்கொள்ளக் கையை ஓங்கிக்கொண்டு வாசற்படி ஏறினார்கள். முற்றத்தில் தனக்கோடி சிவப்புக் கோட்டோடு புருஷன் பக்கத்தில் மல்லாந்து கிடந்து, தொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கண்ணீர் இரண்டு காதுக்குள்ளும் வழிய, லென்ஸைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அம்சவேணி கையை நீட்டி மற்றவர்களை நிறுத்தினாள். சிரிப்பு முடியும்வரை அவர்கள் ஓங்கிய கையோடு வாசற்படியிலேயே நின்றார்கள்.